பிள்ளையைத் தூக்கத் தெரியாத அத்தா

 

முதல் பிள்ளை பிறந்த வீட்டில் அத்தாவின் கடமை என்ன என்று கேட்டால், நம் ஊர்களில் பதில் தயாராக இருக்கிறது. காதில் பாங்கு சொல்வது, நல்ல பெயர் வைப்பது, ஏழாம் நாள் அகீகா கொடுப்பது, தலைமுடி இறக்குவது, செலவுக்குப் பணம் தருவது. இவ்வளவும் செய்துவிட்டால் முடிந்ததா? பிள்ளையைத் தூக்கவும், துடைக்கவும், ராத்திரி அழுதால் ஏன் அழுகிறது என்று பார்க்கவும் கற்றுக்கொள்வது அவர் மீதும் உள்ள அமானிதமா, அல்லது அது பெண்கள் வேலையா?

அய்யம்பேட்டை, ராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை... காவிரிப் படுகையில் நம் ஊர்கள் பெரும்பாலும் சபராளிகளின் ஊர்கள். முன்பு பர்மா, மலேயா, சிங்கப்பூர். பிறகு வளைகுடா. அத்தா சபரில் இருக்க, பிள்ளை இங்கே வளர்வது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. கடன் வாங்கி விசா எடுத்து, ஒரே அறையில் பலரோடு படுத்து எழுந்து அனுப்புகிற பணம் அது. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் குர்ஆன் (2:233) தகப்பன் மீதுதான் வைக்கிறது.

ஆனால் அந்த வசனத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். இரண்டு ஆண்டு நிறைவதற்கு முன் பாலை மறக்கடிக்க நினைத்தால், தாயும் தகப்பனும் மனம் ஒப்பி, கலந்து ஆலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்று அதே வசனம் சொல்கிறது. மஹல்லா நிர்வாகத்துக்கு மஷ்வரா, கல்யாணத்துக்கு மஷ்வரா என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு கைப்பிள்ளையின் பாலுக்கு மஷ்வரா! ஒன்றும் தெரியாதவரிடம் என்ன ஆலோசனை கேட்பது? பிள்ளை எத்தனை கிலோவில் பிறந்தது? ஒன்றரை மாத ஊசி எந்தத் தேதியில்? ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடிக்கிறது? இது தெரிந்தால்தானே அந்த மஷ்வராவில் உட்கார முடியும். கடை வைப்பவர் கொடுக்கல் வாங்கல் சட்டம் படிக்க வேண்டும், வசதி வந்தவர் ஜகாத் சட்டம் படிக்க வேண்டும் என்று ஹஜ்ரத்மார்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளை வந்தவருக்கு மட்டும் படிக்க ஒன்றுமில்லையா?

"ஆம்பளைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவிக்கும் இது முதல் பிள்ளை. தலை நிற்காத பிள்ளையின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று அவர் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. பயந்து பயந்து, அழுது, அம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார். கற்காமல் இருக்கும் சலுகையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பிரசவம் தாய்வீட்டில். மாப்பிள்ளை முன்கட்டில் உட்கார்ந்திருப்பார். டீ வரும், பிள்ளையும் வரும். இரண்டு நிமிடத்தில் அழும், உடனே உள்ளே போய்விடும். மாமிமார்களே, அழுதாலும் கொஞ்ச நேரம் அவர் கையிலேயே விட்டுவையுங்கள். தோளில் போட்டு, முதுகைத் தடவி, ஏப்பம் வரும்வரை நடக்கட்டும்.

நம் வயல்காரர்களைப் பாருங்கள். விதை விட்ட நாற்றங்காலில் தண்ணீர் தேங்கினால் அழுகும், வற்றினால் காயும் என்று ராத்திரி டார்ச் விளக்கோடு வரப்பில் நிற்பவர் ஆண்தான். நாற்றுக்குத் தூக்கம் கெடலாம், பிள்ளைக்குக் கெடக்கூடாதா?

குழந்தை மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று பைத்துல் முகத்தஸில் ஆண்கள் போட்டி போட்டார்கள். எழுதுகோல்களைப் போட்டுச் சீட்டுக் குலுக்கும் அளவுக்குப் போனது (3:44). பொறுப்பு ஸகரிய்யா நபிக்குக் கிடைத்தது. நம் நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் பால்குடி மகன் மடியில் சிறுநீர் கழித்தபோது, தண்ணீர் வாங்கி அந்த இடத்தில் தெளித்துக்கொண்டார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. பள்ளியில் பிள்ளை சிணுங்கினாலே திரும்பி முறைக்கும் பெரியவர்கள் கவனிக்கவும்.

கற்றுக்கொள்வது என்றால் பழக்கத்தை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு வயது வரை தேன் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்வது மருமகளால் ஆகிற காரியமா? அங்கே அத்தாதான் பேச வேண்டும்.

பச்ச உடம்புக்காரி காரணமில்லாமல் அழுவதும் உண்டு. சில நாளில் பெரும்பாலும் தானே சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈமான் பலவீனம், கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். பிரசவ வேதனையில் தனியாக இருந்த மர்யம் (அலை) அவர்களே, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று சொன்னார்கள். அதற்காக அவர்களுக்குக் கண்டிப்பு வரவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், காலடியில் ஓடையும், பேரீச்சம்பழமும் வந்தன (19:23-26).

கடைசியாக, சபரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாத லீவுதான் கிடைக்கும் என்றால், அதை அகீகா விருந்தோடு முடித்துக்கொள்கிறீர்கள். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும், உங்கள் கைக்கு வேலை இருக்காது. நாற்பது முடிந்து, மனைவி தாய்வீட்டை விட்டு உங்கள் வீட்டுக்கு வரும் வாரத்துக்கு டிக்கெட் போடுங்கள். ராத்திரி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அகீகா ஆட்டை உங்கள் அண்ணன் அறுத்துப் பங்கு போட்டுவிடுவார்.