கரும்புள்ளி காட்சியோ, கருதலோ?

காணாத ஒன்றைக் கண்டேம் என மாணாக்கர்க்கு உரைத்தல் ஆசிரியர்க்குத் தகுமோ? வானநூல் கற்பிக்குங்கால் இவ்வினா தப்பாது எழும். சூப்பர்நோவா என்னும் பெருவெடிப்பால் அழிந்த விண்மீனொன்றின் வரலாறு இதனை ஆராய்தற்கு ஏற்றதாம்.

1885 ஆம் ஆண்டு ஆவணியில், இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து நகரத்து வானாராய்ச்சிசாலையில் எர்ணஸ்து ஹார்ட்விக் என்பார், அந்திரோமீடா என்னும் ஒளித்திரளின் நடுவிலிருந்து ஏறக்குறைய 16 விகலை (பாகையொன்றில் 3600 விகலை) விலகிப் புதுமீனொன்றைக் கண்டறிவித்தார். வெறுங்கண்ணின் எல்லையளவு ஒளிர்ந்த அம்மீன் 1890 அளவில் மறைந்தது. அத்திரளின் தூரத்தை அக்காலத்தார் அறிந்திலர். 1920 இல் வாஷிங்டனில் நிகழ்ந்த வாதத்தில் ஹார்லோ ஷாப்லி, 'அது நம் பால்வீதிக்கு வெகு தொலைவிலிருப்பின் அம்மீன் நம்பவொண்ணாப் பேரொளி உடையதாதல் வேண்டும். ஆதலின் அண்மையதே' என்னுங் கருத்துப்பட வாதித்தார். நியாயம் செவ்வையானதே, நம்பவொண்ணாதது உண்மையாயிருந்துவிட்டது. 1923 இல் எட்வின் ஹபிள் ஆண்டுக் கண்ட, ஒளி கூடிக்குறையும் மீனொன்றால் அதன் பெருந்தூரம் புலனாயிற்று. இன்றைய கணக்கில் அது சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு.

1988 இல் அமெரிக்காவின் கிற் பீக் மலையிலுள்ள 4 மீற்றர்த் தொலைநோக்கியால் ராபர்ட் பெசனும் உடனாராய்ந்தோரும் அவ்விடத்தைப் படம்பிடித்தனர். ஆண்டுப் புலப்பட்டது ஒளியன்று, ஒரு கரும்புள்ளி. பின்னணி மீன்களின் ஒளியில் இரும்பணுக்கள் கவரும் நிறம் அவ்விடத்திற் குறைந்திருந்தது. பின்னர் ஹபிள் பெயர்பூண்ட விண்வெளித் தொலைநோக்கி, கல்சியம் கவர்ந்த ஒளியையும் அளந்து, சிதறல் செக்கனுக்கு 12,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விரிதலைக் காட்டிற்று. இதனை இளஞ்சிதறல் என்பர். வெடித்ததோ 25 இலட்சம் ஆண்டின் முன். அவ்விளமை, ஒளி நம்மை வந்தடைந்த நாள்தொட்டு எண்ணுங் கணக்கு.

அளவைநூலார் கூறுங் காட்சி, கருதல், உரை என்பவற்றுள் இஃது எது? புள்ளி காட்சி, அது இரும்பின் நிழலென்பது கருதல். ஒளியின்மையைக் காண்டல் பொருளைக் காண்டலாகாது எனச் சிலர் தடைகூறுவர். பின்னே ஒளி நிறைந்திருக்க, இன்ன நிறமே குறைந்ததெனின், அக்குறை வெறும் இன்மையன்று. விளக்கின்முன் நிற்போனை நிழலால் அறிதலை யாவர் மறுப்பர்?

எனினும், அப்புள்ளி 1885 இன் மீனேயெனத் துணிந்தது எதனால்? அன்று அதனை நோக்கியோர் அளந்தெழுதிவைத்த இடக்கணக்கால். அஃது உரை. சூப்பர்நோவா என்னும் வகையே அவர்க்குத் தெரியாது. தாம் எழுதியது யாதென அறியாமலே பிழையற எழுதினர். 103 ஆண்டு கழிந்தபின் அவ்வெண்களே தொலைநோக்கியைத் திருப்பின. இதனை யான் ஷாப்லியின் வாதத்தினும் உயர்வாக மதிக்கின்றேன்.

அப்படத்தை வகுப்பிற் காட்டுவோர், 'இது இரும்பு' எனத் தொடங்கற்க. புள்ளியை முதலிற் காட்டுக. நிறக்குறைவை அடுத்துச் சொல்லுக. 1885 இன் குறிப்பைப் பின்வைக்குக. 'அங்ஙனமாயின், ஐயா, இரும்பை ஒருவருங் கண்டிலரோ?' என மாணாக்கன் வினவின், 'கண்டிலர்; அறிந்தனர்' என்று விடைகூறுக.