மிச்சத்தைக் கொடுத்தால் போதுமா?

தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை ஒருநாள் நின்று படித்துப் பாருங்கள். பண்பாளர், பாசமிகு தந்தை, ஏழைகளின் தோழர் என்று எல்லோருக்கும் ஒரே புகழ்தான். பெயரும் படமும் மட்டும் மாறும். அந்தப் புகழைப் பிள்ளைகள் காசு கொடுத்து அச்சடிக்கலாம். நமக்காகச் சம்பாதித்துத் தர அவர்களால் முடியாது. அது நாம் உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? வீட்டுக் கடன் முடியட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், ரிட்டயர் ஆனபிறகு பொதுக்காரியம் பார்க்கலாம் என்கிறோம். நமக்குப் போக மிஞ்சியதைக் கொடுப்பதாகத் திட்டம். மிஞ்சுவதே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். மிஞ்சியதைக் கொடுப்பவரிடம் எதுவும் குறைவதில்லை. தன்னிடம் ஒன்று குறையச் சம்மதிப்பவரே தியாகி.

முத்துலட்சுமி ரெட்டியை எண்ணிப் பாருங்கள். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். தொழிலைக் கவனித்திருந்தால் வசதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். பேச்சோடு நிற்கவில்லை. அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்களை விடுதிகள் ஏற்க மறுத்தபோது தம் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930இல் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்தத் துயரத்தையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் ஊராகக் கையேந்தி நிதி திரட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி அதைத் தாங்கி நின்றார்.

மறு ஆண்டே அங்கே வந்து சேர்ந்தார் இளம் மருத்துவர் சாந்தா. அவருக்கு அரசு மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. அவர் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தபோது உற்றவர்கள் வியந்தார்கள், வருந்தினார்கள். மருத்துவமனை வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார். 2021 ஜனவரியில், 93 வயதில் கண்மூடும்வரை அந்தப் பணியை விட்டு நீங்கவில்லை. பணம் கட்ட முடியாதவர் திரும்பிப் போகக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். ஒருவர் கொடுத்ததைப் பார்த்து அடுத்தவர் கொடுக்கத் துணிந்தார். சொத்தைப் பிரித்தால் துண்டு சிறிதாகும். இந்தத் தியாகச் சொத்தோ கைமாறக் கைமாறப் பெருகியது. இன்று அங்கே சிகிச்சைக்கு வரிசையில் நிற்பவருக்கு இவர்கள் பெயர் தெரியாமலே இருக்கலாம். அந்தப் பெயர்களை அறியாதவரும் பிழைத்துப் போகிறாரே, அதுதான் நிலைத்த புகழ்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தியாகத்தைப் பிறர் தலையில் கட்டாதீர்கள். நள்ளிரவில் பத்துப் பேருக்குச் சமைக்க மனைவியை எழுப்பிவிட்டு, விருந்தோம்பல் என்று பெயர் வாங்குவது அறமல்ல. வேலையாளின் கூலியில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு அன்னதானம் போடுவது அறமல்ல. உங்கள் தூக்கத்தைக் கொடுங்கள், உங்கள் பணத்தைக் கொடுங்கள், உங்கள் கோபத்தை விடுங்கள். அடுத்தவர் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

எல்லோரும் மருத்துவமனை கட்ட முடியாதுதான். அதைச் சாக்காக்காதீர்கள். உடல்நலமுள்ள ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் உங்கள் கண்கள் இன்னொருவருக்கு உதவும். மூளைச்சாவு அடைந்தால் உறுப்புகளையும் தானம் செய்யலாம்; ஆனால் பையில் அட்டை இருந்தும் குடும்பத்தார் சம்மதிக்காவிட்டால் அது நடக்காது. அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் எத்தனை நாள் கதவைச் சாத்திக்கொள்வீர்கள்?

நாளைக்கு என்று ஒத்திப்போட்ட நன்மையை நம்மில் பெரும்பாலோர் செய்யாமலேதான் போகிறோம். மனம் கெட்டுப்போய் அல்ல, நாள் தீர்ந்துபோய். ஆகவே இன்றே வீட்டாரை உட்காரவைத்து உங்கள் கண்களைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த வாரமே ரத்த வங்கிக்குப் போங்கள். அந்தப் பிள்ளையின் கட்டணத்தில் உங்களால் இயன்றதைக் கட்டுங்கள்; அதற்காக ஆசைப்பட்ட ஒரு பொருளை வாங்காமல் விடுங்கள். கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவன் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.