சுற்றமா, விருந்தா?

இல்வாழ்வான் பேண வேண்டியவர்கள் என்று வள்ளுவர் ஐவரை எண்ணுகிறார்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான். விருந்தோம்பல் அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் உரையாசிரியர் பரிமேலழகர் இந்த ஐந்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறார். முதல் இருவரும் கண்ணுக்குப் புலப்படாதவர்கள். கடைசி இருவருக்குச் செய்வது பிறருக்கு ஈதல் ஆகாது. ஆகவே நடுவில் நிற்கும் விருந்தே சிறப்புடையது என்பது அவர் முடிவு. உறவினரைப் பேணுவது இங்கே தன்னைப் பேணுவதன் பக்கத்திலேயே வைக்கப்படுகிறது. அடுத்த தெருவில் வாழும் அண்ணன் மகனுக்குச் சோறு போடுவதைப் பொறுத்தவரை இது பொருந்தலாம். ஆனால் டொராண்டோவுக்குப் படிக்கப் போகும் ஒரு பிள்ளையை, அதுவரை ஒருமுறைகூடப் பார்த்திராத தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவர் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போய், தன் வீட்டு பேஸ்மென்ட்டில் இடம் கொடுக்கிறார். இதையும் சுற்றம் தழுவுதல் என்று சொல்லி ஈகைக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. அவர் செய்வது பிறருக்கு ஈதல்தான். வாங்குகிறவர் கூசாமல் வாங்கிக்கொள்வதற்கு உறவு அங்கே வழிசெய்கிறது, அவ்வளவே.

இரத்த பாசம் இழுக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். இரத்தத்தின் கணக்கு அவர்களுக்குத் துணை நிற்காது. உயிரினங்கள் உறவுக்கு ஏன் உதவுகின்றன என்பதை 1964-இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் ஒரு விதியாக எழுதினார்: உதவி பெறுபவரின் ஆதாயத்தை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால், அது கொடுப்பவரின் இழப்பை மிஞ்ச வேண்டும். உடன்பிறந்தாருக்கு அந்த நெருக்கம் 1/2. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இருவரும் பொதுவாக அமைந்த உறவுக்கு 1/32. இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் 1/128. மாதக் கணக்கில் ஓர் அறையை விட்டுக்கொடுப்பதை இந்தச் சொற்பப் பங்கு விளக்கிவிடாது. விளக்கம் நம் முறை வழக்கில் இருக்கிறது. எவ்வளவு தூரத்து உறவானாலும் பங்காளி வழியா, மாமன் வழியா என்று பார்த்து, ஓர் இடம் கொடுத்துவிடுகிற அமைப்பு நம்முடையது. ‘உங்களுக்கு நான் என்ன முறை ஆகணும்?’ என்று தொலைபேசியில் கேட்டு, சித்தி என்றோ அத்தை என்றோ தீர்ந்துவிட்டால், இரண்டாம் முறை சோறு கேட்கவும் கூச்சம் இராது. அந்தக் கூச்சமின்மையின் மதிப்பு செலவுக் கணக்கில் தெரியும். 2024 ஜனவரியில் கனடா, படிக்க வரும் தனியாள் முதலாண்டுக் கல்விக் கட்டணத்துக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கென்று 20,635 டாலர் காட்ட வேண்டும் என்றது. அதற்கு முன் அது 10,000 டாலராக இருந்தது. வீட்டு உரிமையாளர் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்பணமாகக் கேட்பார். அந்த நாட்டில் கடன் வரலாறே இல்லாதவருக்கு வீடு கிடைப்பதும் எளிதல்ல. அங்கே முறை மட்டும் கேட்கிற ஒரு வாசல் பெரிய காரியம்.

தூரத்து உறவின் அருமை இன்னோர் இடத்திலும் தெரிகிறது. சமய நூல்கள் விருந்தை எவ்வளவோ போற்றினாலும் அதற்குக் கால எல்லை வைத்திருக்கின்றன. மனுஸ்மிருதியின்படி ஓர் இரவு தங்குபவரே அதிதி. விருந்தினருக்கு மூன்று நாள் உரிமை, அதற்கு மேல் செய்வது தருமம் என்பது நபிமொழி. பட்டப்படிப்புக்கோ ஆண்டுகள் ஆகும். முன்பின் அறியாதவரை ஓர் இரவு ஏற்றுக்கொள்ளும் தூய்மை விருந்துக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் நீளும் பொறுமை சுற்றத்துக்கு உண்டு. முகமறியாத உறவினரை ஏற்பவரிடம் இந்த இரண்டும் சேர்கின்றன. அதனால்தான் அந்தச் செயலைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சுற்றத்தின் அந்தப் பொறுமை கெட்டுப்போகவும் கூடும் என்பதை விவிலியத்தின் ஆதியாகமம் அறிந்திருக்கிறது. அண்ணனுக்கு அஞ்சி ஓடிய யாக்கோபை ஆரானில் தாய்மாமன் லாபான் கட்டித் தழுவி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறான். ஒரு மாதம் கழிந்ததும் கூலிப் பேச்சு வருகிறது. இளைய மகளுக்காக ஏழு ஆண்டு உழைத்தவனுக்கு மூத்தவளைக் கொடுத்து, இளையவளுக்காக மறுபடியும் ஏழு ஆண்டு வேலை வாங்குகிறான். யாக்கோபு வெளியேறும்போது இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் படிக்க வந்த பெண்ணைச் சம்பளமில்லாத பிள்ளை பார்ப்பவளாக்கிவிடும் வீடுகள் உண்டு. அவள் வாயைத் திறந்தால் ஊரில் பெற்றோரின் காதுக்குப் போகும் என்ற பயமும் உண்டு. இது உறவின் வரவேற்பையே பொய்யாக்குகிறது என்றால் நான் ஒப்பமாட்டேன். லாபானின் தவறு மருமகனை ஏற்றுக்கொண்டதில் இல்லை. விருந்தினன் விரும்பியபோது புறப்படலாம் என்ற உரிமையை, உறவைச் சொல்லியே பறித்ததில் இருக்கிறது. மாணவர் பாத்திரம் கழுவட்டும், கடைக்குப் போய் வரட்டும்; ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குள் அது இயல்பு. புறப்படும் நாளை அவரே முடிவுசெய்ய வேண்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. நம்மிடையே உறவு பெரும்பாலும் சாதிக்குள் அடங்குகிறது. முறை சொல்லித் திறக்கும் கதவு, முறை சொல்ல முடியாதவருக்குத் திறப்பதில்லை. கடல் கடந்தவர் எவருமில்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் போகும் பிள்ளைக்கு எந்தச் சித்தியும் விமான நிலையத்தில் காத்திருக்கமாட்டார். அவருக்குத்தான் உதவி மிகவும் தேவை. இந்த மறுப்பின் பெரும்பகுதியை ஏற்கத்தான் வேண்டும். பண்டைச் சீனத்தில் மோசி என்ற சிந்தனையாளர் எல்லோரிடமும் ஒரே அளவு அன்பு வேண்டும் என்று வாதாடியது இத்தகைய ஓரவஞ்சனையைக் கண்டுதான். அவரை மறுத்த மென்சியஸ், அன்பு தன் வீட்டு முதியவரிடம் தொடங்கிப் பிறர் வீட்டு முதியவர் வரை நீள வேண்டும் என்றார். நான் மென்சியஸின் பக்கம்தான், ஆனால் நீள வேண்டும் என்ற பாதியையும் சேர்த்து. சீக்கியர்களின் குருத்வாராக்களில் நடக்கும் லங்கர் என்ற பொதுப் பந்தி சாதியும் சமயமும் கேட்காமல் சோறு போடுகிறது. அங்கே போய்ப் பசியாறும் வெளிநாட்டு மாணவர்கள் உண்டு. ஒருவேளைச் சோற்றுக்கு அது போதும், படுக்க இடத்துக்குப் போதாது. இடம் வீடுகளிடம்தான் இருக்கிறது. விருந்தினரிலும் இரு வகையைப் பரிமேலழகர் சொல்கிறார்: முன்னறிமுகம் இருப்பதால் நாடி வருபவர், அது இல்லாமல் வருபவர். பேஸ்மென்ட்டில் தங்கியிருக்கும் உறவுப்பிள்ளை, யாருமில்லாத தன் வகுப்புத் தோழனைக் கூட்டிவந்து இவனும் இந்த மாதம் இங்கே இருக்கட்டுமா என்று கேட்டால், அந்தத் தோழனிடம் ஊரும் குலமும் விசாரிக்காமல் இன்னொரு பாய் கொடுக்கும் வீட்டைத்தான் விருந்தோம்பும் வீடு என்பேன்.