நிறுத்திய வண்டியும் நாதியற்ற பூனையும்

தன் உழைப்பால் தேடிய பொருளைச் சேதமின்றிக் காத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு என்பதும், வாயற்ற பிராணியை வதைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும், தனித்தனியே சொல்லும்போது யாரும் ஆட்சேபிக்காத நியாயங்கள். வீட்டு வாசலில் நிறுத்திய காரின்மேல் தெருப்பூனை ஏறிப் படுத்துக்கொள்ளும்போதுதான் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றுகின்றன.

வண்டிக்காரரின் மனக்குறையை அற்பமென்று ஒதுக்குவது முறையன்று. பானெட்டிலிருந்து கண்ணாடி வழியே கூரைவரை புழுதியில் பதிந்த காலடிகளும், கால் வழுக்கிய இடத்தில் நகம் இழுத்த கீறலும், கடுவன் பூனை சக்கரத்தின்மேல் பீய்ச்சிவிட்டுப் போன மூத்திர நெடியும், மாதத் தவணையே கட்டி முடியாத ஒருவருக்கு நித்திய உபத்திரவம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், பகலில் வண்டியடி நிழலையும் மார்கழி இரவில் எஞ்சினின் மிச்ச வெப்பத்தையும் நாடி வருகிற அந்தப் பிராணிக்கு உடைமை என்ற எண்ணமே கிடையாதாகையால், அதன் செயலில் நஷ்டம் உண்டே தவிரக் குற்றம் இல்லை. குற்றம் இல்லாத இடத்தில் தடுப்புக்கு நியாயம் உண்டு. தண்டனைக்கு நியாயம் இல்லை.

இந்த எல்லையைப் பலரும் அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். வண்டியைச் சுற்றி ஃபினாயில் தெளிப்பவரும் அந்துருண்டை போடுபவரும் வாடையால் விரட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் பாதத்தில் ஒட்டியதையெல்லாம் நக்கிச் சுத்தம் செய்வது பூனையின் சுபாவமாதலால், தரையில் தெளித்தது அதன் வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறது. ஃபினால் வகை நஞ்சுகளை முறிக்கும் சக்தியோ அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. அந்துருண்டையிலுள்ள நாஃப்தலீன் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. தடுப்பு என்று தொடங்கியது, செய்தவரின் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு சந்தில் மரணதண்டனையாக நிறைவேறுகிறது.

பூனையைக் கொன்றால் பாவம் என்று அஞ்சுகிறவர்கள் கோணிப்பையில் கட்டி வேறு பேட்டையில் விட்டுவருவதுண்டு. பார்வைக்கு இது சாதுவான உபாயம். ஆனால், பிடித்துச் சென்றது தாய்ப்பூனையானால் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் கண் திறவாக் குட்டிகள் பட்டினியால் சாகும். கொண்டுவிடப்பட்ட பூனையோ, பழகாத இடத்தில் அங்குள்ள பூனைகளிடம் கடிபட்டுத் திரியும். தெருமுனைக் குப்பையில் மீன்கழிவு உள்ளவரை பழைய இடத்திற்கு வேறொரு பூனை வந்துவிடும். பாவத்துக்கு அஞ்சுவது வேறு, பிற உயிரின் துன்பத்துக்கு இரங்குவது வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் பயனாகப் பின்னர் உருவான 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், தீங்கு தரும் பொருளைத் தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே பிராணிக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. ஆகவே இந்த விஷயத்தில் தர்மத்தின் காவல் பெரும்பாலும் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

கனத்த உறை போடுதல், நெடி போகக் கழுவிவிடுதல், குப்பைத் தொட்டியை மூடிவைத்தல், இயலுமானால் நிறுத்துமிடத்தை மாற்றுதல் ஆகியவை எந்த உயிருக்கும் ஊறு செய்யாத தடுப்புகள். வண்டிக்காரருக்கும் கடமை உண்டு. எஞ்சின் இடுக்கில் பூனை உறங்கக்கூடுமாதலால், சாவியைத் திருப்புமுன் பானெட்டை இருமுறை தட்டவேண்டும். ஒரு தேக்கரண்டி அளவே பூனையின் சிறுநீரகத்தைப் பாழாக்கவல்ல கூலண்ட் தரையில் கசிந்தால் உடனே துடைத்துவிடவேண்டும்.

இத்தனை செய்தும் பூனை வருமானால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அப்போது அந்தக் கீறலைப் பொறுத்துக்கொள்வதே அறம். பொதுத்தெருவில் வண்டி நிறுத்துகிறவர் வெயிலையும் காக்கை எச்சத்தையும் சகித்துக்கொள்வதுபோல இதையும் அந்த இடத்தின் வாடகையில் ஒரு பகுதியாகக் கொள்ளலாம். பாலிஷ் போட்டால் மறையும் சேதத்துக்கு, போனால் மீளாத உயிரை ஈடாக வாங்குவது எந்தக் கணக்கிலும் நேர்மையான வியாபாரம் ஆகாது.