சும்மா இருப்பவளின் கை

சாட்சிக் கூண்டில் நின்ற சித்தியிடம் முதலில் பெயர் கேட்டார்கள், பிறகு வயது, பிறகு தொழில். சித்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. சும்மா வீட்லதான் இருக்கேன்."

எங்கள் வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். முந்தின வாரம்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "தையல் வேலைன்னு சொல்லுங்கம்மா. மாசம் ஆறாயிரம் வருதுன்னு சொல்லுங்க." கிழிந்த பாவாடையைத் தைப்பதைத் தவிர சித்திக்குத் தையல் தெரியாது. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக அவள் அப்படிச் சொன்னாளா என்றால், அதுவும் இல்லை. உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நம்பினாள். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி தன் வாயாலேயே 'சும்மா' என்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

இறங்கி முடிப்பதற்குள் பேருந்தை எடுத்துவிட்டார்கள். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. நாற்பது விழுக்காடு ஊனம் என்று மருத்துவக் குழு சான்றிதழ் தந்தது. கையின் நாற்பது விழுக்காடா, வாழ்க்கையின் நாற்பது விழுக்காடா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக் கணக்கு எளிமையானது. வருமானம், வயதுக்கேற்ற பெருக்கெண், ஊனத்தின் விழுக்காடு ஆகிய மூன்றையும் பெருக்கி, அதனோடு மருத்துவச் செலவையும் வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகையையும் கூட்டுவார்கள். வருமானம் பூச்சியமென்றால் எதைப் பெருக்கி என்ன? அதற்காகத்தான் 'கற்பித வருமானம்' என்றொன்றை வைத்திருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றது. சம்பாதிக்காத மனைவிக்கோ கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதன்படி கலெக்டர் மனைவியின் கைக்கும் கொத்தனார் மனைவியின் கைக்கும் விலை வேறு. இருவரும் ஒரே அளவு அரிசியைத்தான் களைந்திருப்பார்கள். (கலெக்டர் மனைவி களைந்திருக்க மாட்டாள் என்கிறீர்களா? இருக்கலாம். அப்போதும் அவளுக்குத்தான் அதிகம்.)

இதை நீதிபதிகளே கேட்காமல் இல்லை. இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிடுவது குறித்து 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒரு விபத்து வழக்கில் விரிவாக எழுதினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், கைதிகளோடு சேர்த்து 'உழைக்காதோர்' வரிசையில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. வீட்டுவேலையே தங்கள் முதன்மையான வேலை என்று 2011 கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 58 லட்சம் என்று 2021இல் இன்னொரு தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தீர்ப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரின் தீர்ப்பாயத்துக்கு அவை வந்துசேரத்தான் நாளாகிறது. சித்திக்கு மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள்.

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்று பார்த்தால், போர்ச்சுகல் வழக்கொன்று நினைவுக்கு வருகிறது. 1995இல் நடந்த அறுவை சிகிச்சையில் ஒரு பெண்ணின் நரம்பு சேதமானது. நாள்பட்ட வலி, உட்கார முடியவில்லை, உடலுறவு முடியவில்லை. கீழ்நீதிமன்றம் 80,000 யூரோவும் வீட்டுவேலைக்கு ஆள் வைக்க 16,000 யூரோவும் வழங்கியது. 2014இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் இரண்டையும் குறைத்தது. காரணம், அறுவையின்போது அவருக்கு ஐம்பது வயது, இரண்டு பிள்ளைகள் பெற்றாயிற்று, இந்த வயதில் உறவு அவ்வளவு முக்கியமில்லை. பிள்ளைகளும் வளர்ந்துவிட்டதால் கணவனை மட்டும்தானே கவனிக்க வேண்டும், அதற்கு எதற்கு முழுநேர ஆள்? இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017இல் சொன்னது. அதே போர்ச்சுகலில் இதே போல் பாதிக்கப்பட்ட, அவரைவிட வயது கூடிய ஆண்களின் வழக்குகளில் வயது பேசப்படவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். வழக்குப் போடலாமா என்று சித்தி கேட்டபோது, "பணம் வந்தால் கை வந்துவிடுமா சித்தி? விட்டுவிடுங்கள்" என்றவள் நான். 'ஈடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அப்போது ஒரு கவிதைகூட எழுதினேன். ஈடு என்றால் நிகர். உடம்புக்கு நிகர் ஏது என்கிற மாதிரி. வகுப்பில் அதைச் சொன்னால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஈடு என்றால் அடகும்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சைக்காகச் சித்தியின் நாலு பவுன் சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்குத்தான் பணத்தை இளப்பமாகப் பேச முடிகிறது. கையைத் திருப்பித் தர முடியாது என்பதாலேயே எதையும் தர வேண்டாம் என்றால், அந்தத் தத்துவத்தால் லாபம் பேருந்து முதலாளிக்கு.

மனுநீதிச் சோழன் கதையும் தேர் ஏறி நடந்த விபத்துதான். கழுவாய் செய்தால் போதும் என்ற அமைச்சர்களின் பேச்சை அரசன் ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டான். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பசுவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நீதி அரசனின் பெருமையைப் பற்றியதாகிவிடுகிறது, மணி அடித்தவளைப் பற்றியதாக இல்லை.

சித்தியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? தனக்காக எதையும் சொல்லியிருக்க மாட்டாள். மகளைப் பற்றிச் சொல்லியிருப்பாள். விபத்து நடந்தபோது அவள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. தலை சீவிவிட, புடவை கட்டிவிட, சமைக்க, கழிப்பறைக்குத் துணை போக ஆள் வேண்டியிருந்தது. ஒரு மாதம் விடுப்பு என்று நின்றவள் திரும்பப் போகவில்லை. தம்பி போனான். தீர்ப்பில் 'உதவியாளர் செலவு' என்ற தலைப்பில் எதுவும் தரப்படவில்லை. மகள் உடனிருந்து கவனித்துக்கொள்வதால் வெளியாள் தேவைப்படவில்லையாம்.

2007இல் பன்னிரண்டு வயதில் விபத்துக்குள்ளான ஒரு சிறுமிக்கு, 2020இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. அதில் 21,60,000 ரூபாய், வாழ்நாள் முழுக்க இரண்டு உதவியாளர்களுக்கானது. அந்தத் தீர்ப்பில் திருமண வாய்ப்பை இழந்ததற்கென்றும் மூன்று லட்சம் உண்டு. அதை வாசிக்கையில் எனக்கு எரிச்சலும் வருகிறது, தொகை குறையாமல் இருக்கட்டும் என்ற எண்ணமும் வருகிறது. ஆனால் உதவியாளர் கணக்கு முக்கியம். கவனிப்பதும் உழைப்பு, அதற்கு மாதக் கூலி உண்டு, அது ஆண்டுக்கணக்கில் தொடரும் என்று எண்ணிக்கையில் எழுதிய இடம் அது.

அதன் நகலை எடுத்துக்கொண்டு போன மாதம் வக்கீலைப் பார்த்தேன். மேல்முறையீட்டு மனுவில் உதவியாளர் என்ற இடத்தில் சித்தி மகளின் பெயரையும், அவள் கல்லூரியிலிருந்து நின்ற தேதியையும் போடச் சொன்னேன். "பெத்த பொண்ணு பேரை எப்படி மேடம் அதுல எழுதுறது? நீதிபதி சிரிப்பாரு" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து வாங்க மனு வீட்டுக்கு வந்தபோது சித்தி இடது கையால் மெதுவாகப் போட்டாள். மகள் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.