அடிக்க மாட்டேன் என்கிற உரிமை

“சாவு வூட்லகூட காச எண்ணிக் கையில குடுப்பாங்க தோழர். நீங்க சால்வ போத்தி அனுப்பிட்டீங்க.”

போன வருஷம் ஒரு கூட்டம் முடிந்து, வடசென்னைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு கானாப் பாடகர் என்னிடம் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ‘நம்ம கூட்டம்தானே, வந்துடுங்க’ என்று அவரைக் கூப்பிட்டது நான். மைக் செட்காரருக்குக் காசு கொடுத்தோம், பந்தல்காரருக்குக் கொடுத்தோம், நோட்டீஸ் அடித்த அச்சகத்துக்கும் கொடுத்தோம். பாடியவருக்குச் சால்வை. விடுதலைக்காகப் பாடுகிறவர் காசு கேட்கலாமா என்று நானே மேடையில் பேசியதுண்டு. அந்தக் கேள்வியை என் பக்கமே திருப்பிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ‘சுயாதீன இசைக்கலைஞர்’ என்றொரு சொல் புழங்குகிறது. சினிமாவையோ பெரிய இசை நிறுவனத்தையோ சாராமல் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பதிவு செய்து வெளியிடுகிறவர் என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் வாசல் திறந்திருந்தும் ‘எனக்கு வேண்டாம்’ என்று வெளியே வந்தவரும், வாசலுக்கே வரவிடாமல் துரத்தப்பட்டவரும் அந்த ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்குவார்கள்? வெளியே இருப்பது வேறு, வெளியே வைக்கப்பட்டிருப்பது வேறு. சேரியும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. அதைச் சுயாதீனம் என்று யாரும் சொல்லவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தபோது தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்தோம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று போகும் அந்த வரிசையில் பறையும் உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகள் வருகின்றன. வகுப்பில் இதெல்லாம் தமிழரின் தொன்மை, பெருமை. எங்கள் ஊரில் அதே பறைக்குப் பெயர் சாவு மோளம். ஏட்டிலே இருக்கிற பெருமை, அதைத் தோளில் மாட்டியவனுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று எந்தப் பரீட்சையிலும் கேள்வி வரவில்லை.

எங்க சித்தப்பா நல்ல பறைக்காரர். நான் ஆறாவது படித்தபோது ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு விழுந்தது. ஆள் வந்தது. சித்தப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. “நா வர்ல. இனிமே ஊர்ச் சாவுக்கு மோளம் அடிக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான். அந்த அறுப்புக்கு எங்க தெருவில் ஒருத்தருக்கும் வேலை இல்லை. ஆயா கூழுக்குக் கேழ்வரகு கடன் கேட்டு அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. பறை பரணில் ஏறிவிட்டது.

பல வருஷம் கழித்து ஓர் ஏப்ரல் 14 அன்று, சித்தப்பாவே அதை இறக்கினார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். அம்பேத்கர் படத்துக்கு முன்னால் அடித்தார் பாருங்கள், தெருவே ஆடியது. “அப்ப வேணாம்னீங்க, இப்ப ஏஞ் சித்தப்பா அடிக்கிறீங்க?” என்று கேட்டேன். “இன்னிக்கி என்ன யாரும் கூப்புடலடா. நானா அடிக்கிறேன்” என்றார்.

1980களிலும் 1990களிலும் நம் இயக்கங்களுக்குள் நடந்த பெரிய விவாதம் இதுதான். பறை இழிவின் சின்னம், தூக்கிப் போடு என்றது ஒரு பக்கம். அது நம் கலை, கையில் எடு என்றது இன்னொரு பக்கம். பறையடிக்க மறுத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. அதே காலத்தில் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். இரண்டும் எதிரெதிர் நிலை என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. முதலில் மறுத்தவர்கள் இருந்ததால்தான் பின்னால் அதை விரும்பி எடுக்க முடிந்தது. மறுக்க முடியாத இடத்தில் அடித்தால் ஊழியம். மறுக்க முடிகிற இடத்தில் அடித்தால் கலை. தோலும் குச்சியும் அதேதான்.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் கானாவிலும் ராப்பிலும் பாடினார்கள். ஆண்கள் கோலோச்சிய கானாவில் இசைவாணி என்ற பெண் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அதற்கடுத்த வருஷம், 2021 மார்ச்சில், ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் வாழ்க்கை அறிவின் வரிகளில் ஏறி உலகம் முழுக்கப் போனது. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். சினிமாவுக்கு வெளியே போனாலும் பேரும் காசும் தானாக வந்து சேர்ந்துவிடுவதில்லை.

சரி, மறுக்க முடிந்தால்தான் கலை என்றால், வயிற்றுக்காக விடிய விடிய மரண கானா பாடுகிறவர் கலைஞர் இல்லையா? இங்கேதான் நான் தடுமாறினேன். பஸ் ஸ்டாப்பில் அவர் சொன்னதை மறுபடி யோசித்தபோதுதான் விளங்கியது. அவருடைய பகுதிச் சாவு வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ரேட் பேசுகிறார்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் அவர் ‘வேற ஆளப் பாருங்க’ என்று சொல்லலாம். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் ‘காசுக்குப் பாடுறவன்’, ‘இனத்துக்கு உணர்வில்லாதவன்’. கூப்பிட்டால் வந்தாக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால், அது எங்க சித்தப்பாவிடம் ஊர் சொன்னதுதானே தோழர்களே? நாம் அதை நீலத்துண்டு போட்டுக்கொண்டு சொல்கிறோம்.

இந்த வருஷம் அவருக்குப் போன் செய்து முதலில் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நியாயமான தொகைதான். ஒத்துக்கொண்டேன். தேதியைச் சொன்னதும், “அன்னிக்கி வேற எடத்துல ஒத்துக்கினேன் தோழர், வர முடியாது” என்றார். போனை வைத்தபோது எனக்குள் சுர்ரென்று கோபம் வந்தது. நம்ம ஆளே இப்படிச் சொல்கிறாரே என்று. அன்றைக்கு சித்தப்பா வீட்டு வாசலில் நின்றவருக்கும் இப்படித்தான் வந்திருக்கும்.

கூட்டம் பாட்டில்லாமல்தான் நடந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவரையே முதலில் கேட்டு, அதற்குப் பிறகுதான் தேதி வைத்திருக்கிறோம்.