தோத்துட்டுக் கோவிச்சுக்கிட்டு வந்த சாமி

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன வாரம் ஒரு குரூப்புல வீடியோ ஒண்ணு வந்துச்சு. காலேஜ் பேஸ்கட்பால் மேட்ச். தோத்த டீம் பையன் ஒருத்தன் ஜெர்சியை முகத்து மேல இழுத்து விட்டுக்கிட்டு தேம்பித் தேம்பி அழறான். அதுக்கு ஒரு காமெடி மியூசிக், கீழ வரிசையா சிரிக்கிற ஸ்மைலி. ஃபார்வர்ட் பண்ணினவங்கள்ல பாதிப் பேரோட டிபியில வேலும் மயிலும் இருந்துச்சு. அதனாலதான் இதை எழுதறேன்.

நம்ம கோயமுத்தூருக்கு இந்த ஆட்டம் புதுசு இல்லைங்க. வ.உ.சி. பூங்கா பக்கத்துல மாநகராட்சி ஸ்டேடியத்துல நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. டெக்ல பி.எஸ்.ஜி. டிராஃபின்னு இந்தியா பூரா இருந்து டீம் வந்து ஆடற ஊரு இது. காலேஜ் மேட்ச் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தடவை தோத்தா பையைக் கட்ட வேண்டியதுதான். அதுல ஃபைனல் இயர் பசங்களுக்கு அந்த விசில் சத்தத்தோட காலேஜ் ஜெர்சியே முடிஞ்சு போகுது. விடிகாலை பிராக்டீஸ், வீக்கம் இறங்காத கணுக்கால், அரியர் பேப்பர் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல கண்ணுல வந்து நிக்கும். அழாம என்ன பண்ணுவான்?

“முருக பக்தன் அழலாமா, அவரு வெற்றிவேலன் ஆச்சே”ன்னு ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். கண்ணு, நாம தைப்பூசத்துக்குக் கால் கொப்பளிக்க நடந்து போறோமே பழனிக்கு, அந்த மலையில சாமி எப்படி வந்தாருன்னு நெனச்சுப் பாரு. ஞானப்பழத்துக்குப் போட்டி. மயில்மேல ஏறி உலகத்தையே சுத்தி வந்தார். திரும்பி வந்தா பழம் அண்ணன் கையில. (அம்மையப்பனைச் சுத்தினதுதான் ஞானம், ஒத்துக்கறேன். ஆனாலும் நிஜமாவே உலகத்தைச் சுத்தின புள்ளை மேலதான் எனக்கு எப்பவும் பாசம் ஜாஸ்தி.) அப்போ குமரன் “பரவாயில்லை”ன்னு சிரிச்சுக்கிட்டா நின்னார்? நகையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, கோவணத்தோட, கையில தண்டத்தோட மலையேறி வந்துட்டார். பின்னாடியே வந்த அம்மையும் அப்பனும் “இதுக்குப் போயா”ன்னு கேலி பண்ணல. “பழம் நீயே”ன்னு சமாதானம் சொன்னாங்க. அந்தக் கோலத்தைத்தான் நாம இன்னைக்கும் கும்பிடறோம்.

அதுக்காக ரெஃப்ரியைத் திட்டறது, பந்தை எட்டி உதைக்கறது எல்லாம் இந்தக் கணக்குல வராதுங்க. அது வேற.

அமெரிக்காவுல காலேஜ் பேஸ்கட்பால் ஒரு திருவிழா மாதிரி. கடைசியா ஜெயிக்கற ஒரு டீமைத் தவிர மத்த எல்லா டீமும் தோத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகும். 2006 மார்ச்ல கொன்சாகா டீமுக்கு ஆடம் மாரிசன்னு ஒரு பையன் ஆடினான். அந்த சீசன்ல நாட்டுலயே பாயிண்ட் எடுத்ததுல முதல் ஆள். யு.சி.எல்.ஏ. கூட மேட்ச்ல ஒரு கட்டத்துல 17 பாயிண்ட் முன்னாடி இருந்தாங்க. கடைசி மூணு சொச்சம் நிமிஷத்துல எதிர் டீம் வரிசையா 11 பாயிண்ட் போட்டு, 73-71ல ஜெயிச்சுட்டாங்க. மாரிசன் கோர்ட்டுலயே விழுந்து அழுதான். அந்த அழுகையை டிவி திரும்பத் திரும்பக் காட்டுச்சு, வருஷக் கணக்கா கேலியும் பண்ணினாங்க.

ஆனா அங்கயே இன்னொண்ணும் நடந்துச்சு. ஜெயிச்ச டீமோட அரன் அஃப்லாலோ, கொண்டாட்டத்தை விட்டுட்டு வந்து, கீழ கிடந்தவனைத் தூக்கி விட்டான்.

அதைப் படிச்சப்போ எனக்கு சூரசம்ஹாரம்தான் ஞாபகம் வந்துச்சு. மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டாப் பிளந்துச்சு. அதோட விட்டாரா முருகன்? ஒரு பாதியை மயிலாக்கி வாகனமா வெச்சுக்கிட்டார், இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில ஏத்தினார். தோத்தவனை மிதிச்சுட்டுப் போகல, கூடவே கூட்டிக்கிட்டார். டிபியில நாம வெச்சிருக்கற அந்த மயிலு யாருன்னு இப்போ தெரியுதுங்களா?

அடுத்த தடவை உங்க காலேஜ் ஜெயிச்சா, செல்ஃபிக்கு முன்னாடி எதிர் பெஞ்சுப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு எவனாச்சும் குனிஞ்சு உக்காந்திருப்பான். பேச வேண்டாம், ஒரு தண்ணி பாட்டிலை நீட்டினாப் போதும்.

முருகா சரணம்!